கட்டடம் இருக்கிறவரை கன்னியம்மா

அரசாங்கக் கட்டடம் எதுவும் முதலில் ஃபைலில்தான் இடியும்; தரையில் இடிவதற்குப் பல வருஷம் ஆகும். அந்த இடைப்பட்ட காலத்தில் அதற்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது எங்கள் தலையெழுத்து, வெளியே வரிசையில் நிற்பது உங்கள் தலையெழுத்து. ஒரு சான்றிதழுக்காகவாவது எங்காவது ஓர் ஆபீசில் நீங்கள் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். அந்த உரிமையில்தான் என் கஷ்டத்தை உங்களிடம் கொட்டுகிறேன்.

நான் கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளர். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சாயந்திரம் நின்றுகொண்டே திரும்புகிற உத்தியோகம். திண்டிவனத்தில் ஆளுக்கொரு தெருவில் கிடந்த ஐந்து சின்ன ஆபீசுகளை ஒரே புதுக் கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு ஆபீஸ் வாடகை வீட்டில் இருந்தன. ஒன்று மட்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சொந்தக் கட்டடம். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். ரிட்டயராக எனக்கு இன்னும் வருஷம் இருக்கிறது.

நிலைவாசலில் ஒரு நாற்காலி

அந்தச் சொந்தக் கட்டடத்தைப் பார்வையிட நான் முதலில் போனது நல்ல மழை நாளில். மர உத்தரம் போட்ட பழைய காலத்துக் கூரை. உத்தரத்தைக் கரையான் தின்றது போக மிச்சத்தை மழை தின்றுகொண்டிருந்தது. ஃபைல்களுக்கு உரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் வாளி. துப்புரவு வேலை பார்க்கும் கன்னியம்மா, நிரம்பிய வாளியைக் கொல்லையில் கொட்டிவிட்டு வருவதற்குள் அடுத்த வாளி நிரம்பியிருந்தது. "தினமும் இப்படியாம்மா?" என்று கேட்டேன். "மழை நாள்ல தண்ணி மேடம். வெயில் நாள்ல சுண்ணாம்பு கொட்டும். எதனா ஒண்ணு கொட்டிக்கினுதான் இருக்கும்" என்று சிரித்தார். ஐம்பதை நெருங்கும் வயது. சிரிக்கும்போது பத்து வயது குறைந்து தெரிந்தது.

ஆபீஸ் கண்காணிப்பாளர் தணிகாசலம், இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த நிலைவாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையிலிருந்து இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். ஏன் சார் இப்படி வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தலைக்கு மேல் இருந்த தேக்கு நிலையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

"இதுக்குக் கீழ குந்தினாதான் மேடம் தலையில எதுவும் விழாது. புது ஆபீஸ் கட்டறப்போ மொத்தமும் நிலைவாசலாவே கட்டிக் குடுத்துடுங்க."

கட்டடத்துக்கு ஓர் ஆள்

அடுத்த முறை போனபோது கன்னியம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்: "புதுக் கட்டடத்துல முழுக்க டைல்ஸ் வருது. ஒரு இழுப்பு இழுத்தா போதும், பளபளன்னு ஆயிடும்." அவரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு டீ வாங்கி வரப் போனார். அவர் போனதும் தணிகாசலம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். துப்புரவு வேலை ஆபீசுக்காகக் கொடுக்கப்பட்டது இல்லையாம், கட்டடத்துக்காகக் கொடுக்கப்பட்டதாம். சொந்தக் கட்டடம் ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆள். கட்டடம் கணக்கிலிருந்து போனால் ஆளும் போக வேண்டியதுதான். புதுக் கட்டடத்தைக் காண்ட்ராக்ட்காரர்கள் பெருக்குவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் பகுதிநேரமாகச் சேர்ந்தவர் கன்னியம்மா. இன்னமும் பகுதிநேரம்தான். அடுத்த தடவை நிரந்தரம் செய்கிறபோது அவர் முறை வருகிறது. வீட்டுக்காரர் இல்லை. பெண் முண்டியம்பாக்கத்தில் நர்சிங் படிக்கிறது. நிரந்தர உத்தரவு வருவதற்கு முன்னால் கட்டடம் போய்விட்டால் அத்தனை வருஷமும் தண்ணீரில் எழுதிய மாதிரிதான். இதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நான் எப்டி மேடம் சொல்றது? தெனம் அந்தம்மா மூஞ்சியில முழிக்கறவன் நானு. நீங்க பஸ் ஏறி விழுப்புரம் போய்டுவீங்க. நீங்களே சொல்லிடுங்க."

உள்ளே வராதீர்கள்

நான் சொல்லவில்லை. ஆனால் கூரை யாருக்காகவும் காத்திருக்காது. உபயோகத்துக்குத் தகுதியற்ற கட்டடம் என்று அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. அப்படி எழுதிய நாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட அனுமதி கிடையாது. மின்விசிறி ஒன்று கழன்று ஒற்றைக் கம்பியில் தொங்கியது. வேறு கேட்டால், இடிக்கப்போகிற கட்டடத்துக்கு ஃபேன் எதற்கு என்றார்கள். சரி, வெளியேறலாமா என்றால், புதுக் கட்டடம் திறக்கிறவரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

விதிப்படி வாசலில் 'இக்கட்டடம் பாதுகாப்பற்றது, யாரும் உள்ளே வராதீர்கள்' என்று ஒட்டினோம். அதற்குக் கீழே முன்பே ஒட்டியிருந்த 'மனுக்கள் உள்ளே பெறப்படும்' என்ற தாளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மயிலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தார்:

"நான் வர்றதா வேணாமா? உள்ள வந்தா உசுரு போகுது, வராட்டி மனு போகுது. எது போனா பரவால்லன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா!"

ஐந்து வாசல்

புதுக் கட்டடத்துக்கு விழுப்புரத்தில் ஆலோசனைக் கூட்டம், ஐந்து ஆபீஸ் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஒன்றாகச் சேர்ப்பது என்றால் ஒரே வாசல், ஒரே விசாரணை மேசை, ஜனங்கள் உட்கார ஒரு பெரிய கூடம் என்று நான் ஆசை ஆசையாக வரைந்துகொண்டு போயிருந்தேன். அந்த ஆபீசும் எங்கள் ஆபீசும் ஒரே வாசலில் நுழைய முடியாது, அவர்கள் எங்களைவிடச் சின்ன ஆபீஸ் என்றார் ஒருவர். அந்தச் சின்ன ஆபீஸ்காரருக்கு ரோஷம் வந்து, தனக்குத் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் வேண்டும் என்றார். மூன்றாமவருக்குத் தனிக் கழிவறை, அதற்குத் தனிப் பூட்டு. டீ வருவதற்குள் கட்டடத்துக்கு ஐந்து வாசல் ஆகிவிட்டது. ஐந்து வாசலுக்கும் இடம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? கூடத்திலிருந்துதான்.

ஜனங்கள் எங்கே சார் உட்காருவார்கள் என்று பாவமாகக் கேட்டேன். இருந்தவர்களிலேயே நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கிய ஓர் அதிகாரி, எனக்குப் புரிய வேண்டுமே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்:

"உட்கார எடம் குடுத்தா உட்கார்ந்துடுவாங்கம்மா. அப்புறம் வேலை முடியாம எழுந்து போக மாட்டாங்க."

மல்லாட்டை

கட்டடம் எழும்பி, பெயின்ட் அடித்து, விளக்கு போட்டு, எல்லாம் முடிந்தது. ஆனால் திறக்க முடியவில்லை. திறந்துவைக்க மேலிடத்துப் பெரியவர் ஒருவர் தேதி கொடுக்க வேண்டும். தேதி கிடைக்கும்வரை யாரும் காலை வைக்கக் கூடாது. அங்கே பழைய ஆபீசில் தணிகாசலம் தலையைக் காப்பாற்றிக்கொண்டு நிலைவாசலில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே பைபாஸ் ஓரத்தில் புதுக் கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டு வந்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால், சக்கர நாற்காலிக்காக நான் பார்த்துப் பார்த்துச் சரிவாகக் கட்டிய பாதை முழுக்க மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய்கிறது. பக்கத்து நிலத்துக்காரப் பெண்மணி காலால் துழாவிக் காயைப் புரட்டிக்கொண்டிருந்தார். இது கவர்மென்ட் கட்டடம், திறக்கப்போகிறோம், உடனே அள்ளுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் நிமிர்ந்து பூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பேஜாரு பண்ற? போன போகமும் இங்கதான் காய வெச்சேன், அப்பவும் இதான் சொன்ன. நீ தொறக்கறன்னிக்கு சொல்லி அனுப்பு, அந்தப் போகத்துக்கு வேற எடம் பார்த்துக்கறேன்."

போஸ்ட்

தேதி வருவதற்குள் கன்னியம்மாவுக்கு ஒரு வழி செய்துவிடலாம் என்று விழுப்புரத்தில் மேசை மேசையாக ஏறி இறங்கினேன். அந்தப் பணியிடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுங்கள் என்றேன். அதற்கு விதி இல்லை. வேறு பழைய கட்டடத்துக்கு மாற்றுங்கள் என்றேன். இருக்கிற பழைய கட்டடத்தை எல்லாம் நாங்களே இடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு கிளார்க், "போஸ்ட்டு கட்டடத்துக்குக் குடுத்தது மேடம், கன்னியம்மாவுக்குக் குடுத்தது இல்ல. அந்தம்மா செத்தாலும் போஸ்ட்டு இருக்கும். கட்டடம் செத்தா இருக்காது" என்று முடித்துவிட்டார். கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கூடக் கொடுத்தார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மறுநாள் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. துடைப்பத்தைக் கீழே தட்டி முனையைச் சமமாக்கிக்கொண்டே கேட்டார்:

"அப்போ இந்தக் கட்டடம் நிக்கற வரைக்கும் நான் இருக்கலாம்ல மேடம்?"

பால் காய்ச்சினோம்

ஒரு வழியாகத் தேதி கிடைத்தது. பெரியவர் எங்கேயோ இருந்தபடி பட்டனை அமுக்க, இங்கே திரை விலகியது. அதற்கு அப்புறம்தான் அசல் திறப்பு விழா. புது இடத்தில் பால் காய்ச்சாமல் எப்படி நாற்காலியில் உட்காருவது? எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் காய்ச்சுங்கள் என்றேன். கேட்பார்களா? அவரவர் ஆபீசில் அவரவர் அடுப்பு, அவரவர் கற்பூரம். கன்னியம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள், பாத்திரம் கழுவுவதற்கு.

ஐந்து அறைப் புகையும் சேர்ந்து நடைபாதைக்கு வந்ததுதான் தாமதம், நான் பெருமையோடு பொருத்தியிருந்த தீ எச்சரிக்கை மணி அலறியது. அவ்வளவுதான், ஐந்து வாசல் வழியாகவும் ஜனம் தெறித்து ஓடியது. அந்த வாசல்கள் பயன்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மணியை நிறுத்தத் தெரிந்தவன் வந்து சேரும்வரை எல்லோரும் வெயிலில் நின்று பால் குடித்தோம். கன்னியம்மா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பழைய கட்டடத்தைப் பெருக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தணிகாசலம் ஆறுதல் சொன்னார்:

"வுடுங்க மேடம். பாலும் பொங்கிச்சு, மணியும் அடிச்சிச்சு. கோயில்ல கூட இவ்ளோ ஜல்தியா நடக்காது."

மிஷின்

புதுக் கட்டடத்தின் துப்புரவு காண்ட்ராக்ட் மேஸ்திரியிடமும் கேட்டுப் பார்த்தேன். அனுபவம் உள்ளவர், நேரத்துக்கு வருவார், ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வயது என்ன என்றான். சொன்னேன். வழவழவென்ற தரையில் பையன் ஒருவன் தள்ளிக்கொண்டு போன துடைக்கும் மிஷினைக் காட்டினான்.

"எங்களுக்குப் பெருக்கத் தெரிஞ்ச ஆளு வேணாம் மேடம். அதைத் தள்ளிக்கினு போற வயசுல ஆளு வேணும்."

காலி ஆபீஸ்

அதன் பிறகு நான் செய்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. பழைய கட்டடத்தை இடிக்கும் ஃபைலில் சந்தேகம் எழுப்பினேன். என் சந்தேகத்துக்கு நானே மெதுவாகப் பதில் எழுதினேன். பதிலில் இன்னொரு சந்தேகம் கண்டுபிடித்தேன். இந்தக் கலையை எங்கள் உத்தியோகத்தில் யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. நிரந்தர உத்தரவு முந்துகிறதா, இடிக்கும் உத்தரவு முந்துகிறதா என்பதுதான் போட்டி. கன்னியம்மா தினமும் வந்து, மேசையும் ஆளும் இல்லாத ஆபீசைப் பெருக்கினார். தணிகாசலம் வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போவார்.

பழைய கட்டடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். புதுக் கட்டடத்துக்கு டவுன் பஸ் கிடையாது. ஆகையால் ஜனங்கள் பாட்டுக்குப் பழைய இடத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள். கன்னியம்மா துடைப்பத்தால் திசை காட்டி ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தைச் சொல்லி அனுப்புவார். நான் போயிருந்த ஒரு நாள், மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா, காலி அறையின் நடுவே மனுவை நீட்டிக்கொண்டு நின்றார். ஆபீஸ் இங்கே இல்லை, பைபாசுக்குப் போய்விட்டது என்று நானும் சொன்னேன்.

"ஆபீசு போச்சு, சரி. அந்தம்மா எதுக்குப் பெருக்கிக்கினு இருக்குது? அதைப் பார்த்துதானே நான் ஆபீசு இருக்குதுன்னு உள்ள வந்தேன்!"

மேலே பார்க்காதீர்கள்

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். கன்னியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். என்னை உள்ளே விட அவருக்கு மனசில்லை என்பது தெரிந்தது. ஒதுங்கச் சொல்லிவிட்டு நுழைந்தேன். நடு அறைக் கூரையில் கட்டில் அகலத்துக்கு வானம் தெரிந்தது. தரையில் ஒரு துளி சுண்ணாம்பு இல்லை, ஒரு செங்கல் இல்லை. எல்லாவற்றையும் கூடை கூடையாகக் கொல்லையில் கொட்டி, மேலே தென்னை ஓலையைப் போட்டு மூடியிருந்தார்.

துண்டை அவிழ்க்கச் சொன்னேன். முடியோடு ரத்தம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன், திட்டினேன். எங்கே அடிபட்டது என்று அங்கே கேட்பார்கள் என்று சொல்லி வாசலை விட்டு நகர மறுத்துவிட்டார். பிறகு என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"விழுந்தது எல்லாத்தையும் பெருக்கிட்டேன் மேடம். யாருக்கும் தெரியாது. நீங்க மட்டும் மேல பார்க்காம போய்டுங்க, போதும்."

ஒரு சுவர்

நான் மேலே பார்த்துவிட்டேனே. அடுத்த தடவை உத்தரமே இறங்கும். அவர் கீழே நின்றுகொண்டிருப்பார். அவரைக் காப்பாற்றுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அவர் வேலையை இடிப்பது ஒன்றுதான். எல்லாச் சந்தேகங்களும் தீர்ந்துவிட்டன என்று ஃபைலில் எழுதி அனுப்பினேன். புதுக் கட்டடத்துக்கு வராத வேகம் இடிப்பதற்கு எங்கிருந்துதான் வருமோ, உடனே உத்தரவு வந்துவிட்டது. கன்னியம்மாவிடம் போய் நானே சொன்னேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். விழுப்புரம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இடிக்கிற அன்று காலையில் வழக்கமான நேரத்துக்குத் துடைப்பத்தோடு வந்து நின்றார். தலைக்காயம் ஆறியிருந்தது. நிரந்தர உத்தரவு அன்று வரைக்கும் வரவில்லை. பொக்லைன் இயந்திரம் முன்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. தணிகாசலம் உட்கார்ந்திருந்த அந்தத் தேக்கு நிலை, அவர் சொன்ன மாதிரியே, சுற்றியிருந்தது எல்லாம் விழுந்த பிறகுதான் விழுந்தது. பின்பக்கச் சுவர் ஒன்று மிச்சம் இருக்கும்போது டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். தூசி அடங்கியதும் கன்னியம்மா மெதுவாகப் போய் அந்தச் சுவருக்குக் கீழே கிடந்த கல்லை ஒதுக்கி, கொஞ்ச தூரம் பெருக்கிவிட்டு, என்னிடம் வந்தார்.

"டிரைவரு வர்றதுக்குள்ள சொல்லிடுங்க மேடம், அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுட்டுப் போவட்டும். நான் பாட்டுக்குப் பெருக்கிக்கினு இருக்கேன்."

ஐந்து ஆபீசுக்கு ஐந்து வாசல் வைத்துக் கட்டிக் கொடுத்த எனக்கு, ஒரு கன்னியம்மாவை உள்ளே விட ஒரு வாசல் வைக்க முடியவில்லை என்பதுதான் இத்தனை வருஷ சர்வீசில் நான் கட்டி முடித்த கட்டடம்.